ஈயம் இல்லை என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியா?

மின்னணுப் பொருள்களில் ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்களுக்கு வரம்பு விதிக்கும் 'ரோஹ்ஸ்' சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் அமல்படுத்தியது. இந்தியாவின் மின்கழிவு விதிகளிலும் இதே வரம்புகள் உண்டு. ஆனாலும் இந்தச் சட்டம் பற்றியும், மின்னணுப் பொருள்களுக்கான கனிமங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது பற்றியும் உற்பத்தியாளர்களிடமும் வாங்குவோரிடமும் சில தவறான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: பெரிய டிவியில் துளி ஈயம் இருந்தால் வரம்பைத் தாண்டாது.

உண்மை: வரம்பைக் கணக்கிடுவது டிவியின் மொத்த எடைக்கு அல்ல, அதிலுள்ள ஒவ்வொரு தனிப் பொருளுக்கும். ஒரு சார்ஜர் வயரைப் பாருங்கள். வெளியே பிளாஸ்டிக் உறை, உள்ளே செம்புக் கம்பி, அதன்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. மூன்றையும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஈயம் 0.1 சதவீதத்தையும் காட்மியம் 0.01 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் நான்கு தாலேட்டுகளுக்கும் 2019 ஜூலை 22 முதல் ஐரோப்பாவில் 0.1 சதவீதம்தான் வரம்பு. உறை ஒன்று தவறினாலும் முழுச் சார்ஜரும் விதிமீறல்தான்.

நம்பிக்கை: 'ரோஹ்ஸ்' பொருளில் ஈயம் அறவே இருக்காது.

உண்மை: மாற்று கிடைக்காத சில இடங்களுக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. அதிக வெப்பம் தாங்க வேண்டிய சில பாகங்களுக்குள் 85 சதவீதத்துக்கு மேல் ஈயம் கொண்ட சால்டர் இருக்கலாம். இந்த விலக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. சப்ளையர் என்றோ கொடுத்த சான்றிதழை ஃபைலில் வைத்துக்கொண்டு இன்றும் நம்பியிருப்பது ஆபத்து.

நம்பிக்கை: ஐரோப்பாவின் 'சிஇ' முத்திரை இருந்தால் அரசு சோதித்துவிட்டது.

உண்மை: 'ரோஹ்ஸ்' விஷயத்தில் அது தயாரிப்பாளர் தானே பொறுப்பேற்று இடும் முத்திரை. அதற்கான ஆவணங்களை 10 ஆண்டுகள் வைத்திருந்து, அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டியதும் அவரே.

நம்பிக்கை: காங்கோ கனிமங்களைத் தவிர்த்தால் கை சுத்தம்.

உண்மை: காங்கோவின் ஆயுதக் குழுக்களுக்குக் கனிமப் பணம் போகாமல் தடுக்க 2010-ல் அமெரிக்கா கொண்டுவந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின் ஒரு பிரிவு, காங்கோ கனிமத்துக்குத் தடை விதிக்கவில்லை. வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவை எங்கிருந்து வந்தன என்று நிறுவனங்கள் விசாரித்து அறிவிக்கச் சொன்னது. வம்பு வேண்டாமென்று பலர் ஒதுங்கியதால், கையால் தோண்டிப் பிழைத்த ஏழைச் சுரங்கத் தொழிலாளர்கள் வருமானம் இழந்தார்கள். பல சுரங்கங்களின் தாது ஒன்றுகலக்கும் இடம் உருக்காலை. உலோகமாகிவிட்டால் மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் தணிக்கை அங்கேதான் நடக்க வேண்டும். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவிலிருந்தே வருகிறது, ஆனால் அது இந்த நான்கு கனிமப் பட்டியலில் இல்லை. பட்டியலோடு விசாரணையை நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் ஒவ்வொரு சப்ளையரிடமும் மூன்றைக் கேளுங்கள்: பொருள்வாரியான சோதனை அறிக்கை, பயன்படுத்திய விலக்கும் அதன் காலக்கெடுவும், உருக்காலைகளின் பெயர்ப்பட்டியல். இவற்றைத் தர மறுப்பவரிடம் விலை குறைவு என்பதற்காக ஆர்டர் கொடுக்காதீர்கள். அந்த மலிவுக்கான விலையைச் சுரங்கத்தில் இறங்குபவரும் மின்கழிவைப் பிரிப்பவரும் தங்கள் உடம்பால் கொடுக்கிறார்கள்.