மின்வாகனத் துறையில் பொறியியல் பணி: திட்டமிடுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் வீடுதோறும் எழும் கேள்வி, அடுத்து எந்தப் படிப்பு என்பதே. அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. மின்வாகனத் துறையில் வேலைவாய்ப்பு பெருகும் என்கிறார்கள்; சில கல்லூரிகள் அத்துறையின் பெயரிலேயே பட்டப்படிப்பு நடத்துகின்றன. அதில் சேர்வதா, அல்லது மின்பொறியியல், இயந்திரப் பொறியியல் போன்ற வழக்கமான பிரிவுகளுள் ஒன்றைத் தேர்வதா? காட்கோபரில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை மனத்தில் கொண்டு இதை ஆராய்வோம். பெற்றோரின் சேமிப்பும் கல்விக் கடனும் சேர்ந்தே கல்லூரிக் கட்டணமாகப் போகின்றன என்பதால், தேர்வு பிழைத்தால் இழப்பும் பெரிது.

காட்கோபர் தரும் பாடம்

மின்சாரத்தால் ஓடும் ஊர்தி மும்பைக்குப் புதிதன்று. 1907ஆம் ஆண்டிலேயே இங்கு மின்டிராம்கள் ஓடத் தொடங்கின. 1964இல் அவை நிறுத்தப்பட்டன. இந்தியாவின் முதல் மின்ரயில், 1925 பிப்ரவரி 3ஆம் நாள், அன்றைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது. குர்லாவுக்கு அடுத்து வித்யாவிஹார், அதற்கடுத்தது காட்கோபர். அன்று பயன்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இன்று மும்பைப் புறநகர் ரயில்கள் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடுகின்றன. 2014 ஜூன் 8 முதல் காட்கோபரிலிருந்து வெர்சோவா செல்லும் மெட்ரோவும் அவ்வாறே இயங்குகிறது.

மின்சாரத்தின் வகை மாறியது, மோட்டாரும் மாறியது. ஆயினும் மோட்டாரின் கோட்பாட்டையும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் முறையையும் நன்கு கற்றவருக்கு வேலை குறையவில்லை. இன்றைய புறநகர் ரயில் புறப்படும்போது எழும் மெல்லிய ரீங்காரம், மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரத்தை உருவாக்கும் மின்னணுக் கருவிகளால் எழுவது. மின்காரிலும் பேட்டரியின் நேர்மின்சாரத்தை மும்முனை மின்சாரமாக்கி மோட்டாருக்குத் தருவது இன்வெர்ட்டர்தான். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதும் இரண்டுக்கும் பொது.

பேட்டரியிலும் இதே மாற்றத்தைக் காண்கிறோம். பெங்களூரில் 2001இல் வெளிவந்த ரேவா மின்காரில் ஈய-அமில பேட்டரிகள் இருந்தன. இன்று லித்தியம் அயனி வகைகள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. சோடியம் அயனி பேட்டரியும் வளர்ந்து வருகிறது. ஒரு வகை பேட்டரியை மட்டும் அறிந்தவர் அதனோடு பழையவராகிவிடுவார். மின்வேதியியலை அறிந்தவர் அடுத்த வகைக்கும் தகுதி பெறுவார்.

ஒரு வாகனம், பல துறைகள்

மின்வாகனம் எந்த ஒரு பொறியியல் பிரிவுக்கும் தனி உரிமை அன்று. பேட்டரிச் செல் தயாரிப்பு வேதிப்பொறியியலையும் உலோகவியலையும் சார்ந்தது. செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் அமைப்பு, மின்னணுவியலுக்கும் மென்பொருளுக்கும் உரியது. மோட்டாரும் இன்வெர்ட்டரும் மின்பொறியாளரின் களம். பேட்டரியைக் குளிர்விப்பதும் மோதலில் அதைக் காப்பதும் இயந்திரப் பொறியாளரின் பொறுப்பு. மின்னேற்று நிலையங்களுக்கு மின்வழங்கல் துறையின் அறிவு தேவை. இவற்றுக்கு மேல், புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்களில் நடைபெறும் சோதனை, சான்றளிப்புப் பணிகளும் உண்டு.

சென்னை ஐஐடியில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் படித்தது பொறியியல் வடிவமைப்பு. அவர்களின் முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது 2018இல். அடிப்படை வலுவாக இருந்தாலும் இத்துறையில் பொறுமை வேண்டும் என்பதை அந்த இடைவெளி காட்டுகிறது.

எனவே நமது பரிந்துரை இது: அடிப்படைப் பிரிவு ஒன்றில் பட்டம், மின்வாகனம் அதில் விருப்பப்பாடமாகவும் செய்முறையாகவும் அமையட்டும்.

நான்கு ஆண்டுத் திட்டம்

முதலாண்டில் கணிதம், மின்சுற்றுகள், சி மொழி நிரலாக்கம் ஆகியவற்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டு, மின்பொறிகளுக்கும் கட்டுப்பாட்டியலுக்கும் உரியது. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களை இணையத்தில் கட்டணமின்றிக் கற்கலாம். மூன்றாம் ஆண்டில் கல்லூரியின் மாணவர் வாகனக் குழுவில் சேர்வது நலம். பவாய் ஐஐடி மாணவர்கள் மின்பந்தயக் கார்களை உருவாக்கி வருவது யாவரும் அறிந்ததே. நான்காம் ஆண்டில், அளந்து காட்டக்கூடிய விளைவுள்ள ஒரு செயல்திட்டத்தை முடிக்க வேண்டும். பட்டயப் படிப்பு முடித்தோர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. செலவைக் குறைக்க விரும்புவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

சேர்வதற்கு முன் கல்லூரியில் மூன்று கேள்விகள் கேட்போம். ஆய்வகத்தில் மோட்டாரையும் பேட்டரியையும் மாணவர் தம் கையால் சோதிக்கிறார்களா? அப்பாடங்களைக் கற்பிப்போர் நிலையான ஆசிரியர்களா? சென்ற ஆண்டு முடித்தோர் எந்தப் பணிகளில் சேர்ந்தனர்? விடை தெளிவாக இல்லையெனில், பட்டத்தின் பெயர் எவ்வளவு புதிதாயினும் தயங்குவதே நன்று.

கடனின் கணக்கு

கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டுகள் வரை நீளலாம். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும் கொள்வோம். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை இல்லை. அதுவரை தனிவட்டியாகச் சேரும் தொகை 2.1 லட்சம். அதைச் செலுத்தாமல் விட்டால் கடன் 8.1 லட்சமாகும், பத்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 10,700 ரூபாய். வட்டியை அவ்வப்போது செலுத்திவந்தால் தவணை ஏறத்தாழ 7,930 ரூபாய்தான். முதலாண்டில் அந்த வட்டி மாதம் 1,250 ரூபாய். கடன் முழுதும் பெற்றபின் 5,000 ரூபாய்.

பட்டியலிடப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ் பிணையமோ உத்தரவாதமோ இன்றிக் கடன் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மிகாதோர், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 விழுக்காடு வட்டி மானியம் பெறலாம். வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுவோருக்கு இது பொருந்தாது. பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தோர், செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு கோரலாம்.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும், கட்டண விவரத்துடன் வங்கிக் கிளையை அணுகி, தவணைக் கணக்கைப் பிள்ளையின் முன்னிலையிலேயே போட்டுப் பார்ப்போம். அக்கடனை அடைக்கப் போகிறவருக்கே அக்கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.