மடியில் எவ்வளவு கனம்?

‘மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்’ என்பது நாம் அறிந்த பழமொழி. அக்காலத்தில் வேட்டியின் மடிப்பில் பணத்தை முடிந்துகொண்டு நெடுந்தூரம் நடந்தவர்கள் கள்வர்களுக்கு அஞ்சினார்கள். இன்று இப்பழமொழியைத் ‘தவறு செய்தவரே அஞ்ச வேண்டும்’ என்னும் பொருளில் பயன்படுத்துகிறோம். ஆனால், காட்டுப் பாதையில் நடப்பவருக்கு இது நேர்மாறாகப் பொருந்தும். அவருடைய மடியில் போதிய கனம் இல்லாவிட்டால்தான் பயம்! அந்தக் கனத்தின் பெயர் தண்ணீர்.

விடுமுறை நாள்களில் நண்பர்களோடும் குடும்பத்தோடும் புக்கிட் தீமா குன்றுக்கோ மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திற்கோ நடைப்பயணம் செல்பவர்கள் பலர். அவர்களுள் சிலர் முதுகுப் பைக்குப் பதிலாக இடுப்புப் பையை அணிந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் வரிசையாகத் தொங்கும் இடுப்புப் பைகளுள் எது நமக்கு ஏற்றது? நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா? வாருங்கள், ஆராய்ந்து பார்ப்போம்.

பழைய பழக்கம்

இடுப்பில் பை கட்டும் பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1991ஆம் ஆண்டு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் பனிக்கட்டிக்குள் ஒரு மனிதரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்பது ஆய்வில் தெரியவந்தது. ‘ஓட்சி’ என்று அழைக்கப்படும் அவருடைய உடைமைகளுள் தோலாலான ஓர் இடுப்புப் பையும் இருந்தது. அதனுள் கல்லாலான சிறு கருவிகள், எலும்பாலான குத்தூசி, தீ மூட்ட உதவும் ஒரு வகைக் காளான் ஆகியவை இருந்தன. மலையில் நடப்பவருக்கு உடனே தேவைப்படும் பொருள்கள் அவை.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையும் இதே நோக்கம் உடையதுதான். கைகள் இரண்டும் வேலை செய்ய வேண்டும்; பொருளும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் இடுப்புப் பை நிறைவு செய்கிறது.

முதுகா, இடுப்பா?

சிங்கப்பூரில் பகல்நேர வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. காற்றில் ஈரப்பதமும் அதிகம். வியர்வை ஆவியாகும்போதுதான் நம் உடல் குளிர்ச்சி அடைகிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அதற்குமேல் முதுகு முழுவதையும் ஒரு பை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அங்கே காற்றோட்டம் தடைபடுகிறது; சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இடுப்புப் பை கீழ்முதுகின் ஒரு சிறு பகுதியை மட்டுமே மறைக்கிறது. தோள்களும் மேல்முதுகும் காற்றுப்பட இருக்கின்றன.

மற்றொரு காரணமும் உண்டு. உங்கள் கைகளை இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். உள்ளங்கைக்குக் கீழே கடினமான எலும்பின் விளிம்பை உணர்கிறீர்களா? அதுவே இடுப்பெலும்பு. உடலின் வலிமையான எலும்புகளுள் அதுவும் ஒன்று. பையின் வார் அந்த விளிம்பின்மீது பொருந்தி அமர்ந்தால், சுமை இடுப்பெலும்பின் வழியாகக் கால்களுக்குச் செல்கிறது. வார் மேலேறி வயிற்றை அழுத்தினால் மூச்சு விடுவது கடினமாகும். கீழே நழுவினால் ஒவ்வோர் அடிக்கும் பை ஆடும். ஆகவே, பை எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைவிட அது எங்கே அமர்கிறது என்பதே முக்கியம்.

முதலில் பொருள், பிறகு பை

பலர் முதலில் பையை வாங்கிவிடுகிறார்கள். பிறகு, அதற்குள் எவை அடங்கும் என்று பார்க்கிறார்கள். இது காலுக்கேற்ற காலணியை வாங்காமல், காலணிக்கேற்பக் காலை மாற்ற முயல்வதைப் போன்றது. முதலில் கொண்டு செல்ல வேண்டிய பொருள்களை மேசைமீது பரப்பி வையுங்கள்.

இரண்டு மணி நேர நடைக்குக் குறைந்தது இரண்டு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். கைப்பேசி ஏறத்தாழ 200 கிராம். மெல்லிய மழையங்கி 200 கிராம். கடலை, ரொட்டி போன்ற சிற்றுண்டி 150 கிராம். காயத்திற்கு ஒட்டும் பிளாஸ்டர், கொசு விரட்டும் மருந்து, பயண அட்டை, சாவி ஆகியவை சேர்ந்து 150 கிராம். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 1,700 கிராம் வருகிறது. அதில் பாதிக்கு மேல் தண்ணீரின் எடைதான்.

எனவே, நடைப்பயணத்திற்கான இடுப்புப் பை என்பது அடிப்படையில் தண்ணீர் சுமக்கும் பையே. கைப்பேசியும் பணமும் மட்டும் வைக்கும் மெல்லிய பை கடைத்தெருவுக்குப் போதும், காட்டுக்குப் போதாது. அதில் ஒரு புட்டியைத் திணித்தால் பை ஒரு பக்கமாகச் சாயும், தொடையில் இடிக்கும். தொந்தரவு தாங்காமல், ‘அடுத்த முறை தண்ணீர் வேண்டாம்’ என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. வெயிலில் நடக்கும்போது போதிய நீர் அருந்தாவிட்டால் தலைவலி, தலைசுற்றல், தசைப்பிடிப்பு, சோர்வு ஆகியவை ஏற்படலாம். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கவனிக்க வேண்டியவை

முதலில் வாரைப் பாருங்கள். ஒரே எடையைக் குறுகிய கயிற்றாலும் அகலமான துணியாலும் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு புரியும். கயிறு கையை அறுக்கும், துணி அறுக்காது. எடை பரவும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே, இடுப்பின் இரு பக்கங்களிலும் அகலமாகவும் மெத்தென்றும் அமைந்த வாரே சிறந்தது.

அடுத்து, புட்டிகள் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு சிறிய புட்டிகள் இரு பக்கமும் இருந்தால் எடை சமமாகும். ஒரே பெரிய புட்டி என்றால் அது முதுகின் நடுவே அமைய வேண்டும். பையைக் கழற்றாமலேயே புட்டியை எடுக்கவும் திரும்ப வைக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். எளிதாக எடுக்க முடிந்தால்தான் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் அருந்துவோம்.

மூன்றாவதாக, பையின் பக்கங்களில் இறுக்கும் வார்கள் உள்ளனவா என்று பாருங்கள். தண்ணீரைக் குடிக்கக் குடிக்கப் பை தளரும். தளர்ந்த பையினுள் பொருள்கள் குலுங்கும். பக்க வார்களை இழுத்துவிட்டால் சுமை மீண்டும் உடலை ஒட்டி நிற்கும். உடலைவிட்டு விலகியிருக்கும் சுமைதான் அதிகமாக ஆடும்.

நான்காவதாக, துணியைத் தொட்டுப் பாருங்கள். பருத்தி நீரை உறிஞ்சி, நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். நைலான், பாலியெஸ்டர் போன்ற துணிகள் இலேசானவை, விரைவில் உலர்பவை. முதுகைத் தொடும் பகுதி வலை போன்ற துணியால் ஆகியிருந்தால் காற்று புகும். சொரசொரப்பான விளிம்புகள் வியர்வை பட்ட தோலில் உராய்ந்து புண்ணை உண்டாக்கும்.

மழையும் குரங்கும்

நம் நாட்டில் பிற்பகலில் திடீரென்று இடியுடன் கூடிய மழை கொட்டுவது வழக்கம். ‘நீர் புகாது’ என்று விற்கப்படும் பைகளிலும் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் நீர் கசியலாம். ஆகவே, கைப்பேசியை இறுக மூடக்கூடிய சிறு நெகிழி உறையிலிட்டுப் பைக்குள் வைப்பது நல்லது.

அந்த உறை பைக்குள்ளேயே இருக்கட்டும்! மெக்ரிட்சி, புக்கிட் தீமா பகுதிகளில் நீண்ட வால் குரங்குகள் வாழ்கின்றன. மனிதர்கள் உணவு கொடுத்துப் பழக்கியதால், நெகிழிப் பையைக் கண்டால் அதில் உணவு இருக்கும் என்று அவை கருதுகின்றன. கையில் நெகிழிப் பையைத் தொங்கவிட்டு நடப்பவரிடமிருந்து அவை அதைப் பறிக்க முயலலாம். சிற்றுண்டியை ஜிப் போட்டு மூடிய இடுப்புப் பைக்குள் மறைத்து வைத்தால் நமக்கும் தொல்லையில்லை. குரங்குகளுக்கும் கெட்ட பழக்கம் வளராது. காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

படிக்கட்டே தேர்வுக்கூடம்

கடையில் வெறும் பையை அணிந்து பார்த்தால் எல்லாப் பைகளும் வசதியாகவே இருக்கும். எனவே, கடைக்குச் செல்லும்போது நிரப்பிய தண்ணீர்ப் புட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவற்றைப் பையில் வைத்து அணியுங்கள். வாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். குனியுங்கள், உட்காருங்கள், முழங்காலை உயர்த்துங்கள். வயிறு அழுந்துகிறதா? பை நழுவுகிறதா?

வாங்கிய பிறகு ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில், நிரப்பிய பையுடன் சில மாடிகள் ஏறி இறங்குங்கள். பை முன்பக்கம் இருந்தால் ஏறும்போது தொடை அதில் இடிக்கும். பின்பக்கம் இருந்தால் இடிக்காது. பெருவிரைவு ரயிலில் நெரிசல் இருந்தால் பையை முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர்தான். ஆனாலும், உச்சிக்குச் செல்லும் முதன்மைப் பாதை தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. படிக்கட்டில் தெரியாத குறை அங்கே தெரிவதைவிட, அங்கே தெரியப்போகும் குறை படிக்கட்டிலேயே தெரிவது நல்லதல்லவா?

எல்லாப் பயணத்திற்கும் ஏற்றதா?

இடுப்புப் பைக்கும் ஓர் எல்லை உண்டு. சுமை கூடக் கூட வாரை இறுக்க வேண்டும். இறுக்க இறுக்க இடுப்பு வலிக்கும். அரை நாள் நடைக்கு அது நல்ல துணை. ஆனால், ஜொகூரில் உள்ள 1,276 மீட்டர் உயரமான லேடாங் மலையில் ஏறுவதற்கு ஒரு பகல் முழுவதும் தேவைப்படலாம். அங்கே கூடுதல் தண்ணீர், உணவு, மாற்றுடை, கைவிளக்கு ஆகியவை வேண்டும். அத்தகைய பயணத்திற்குத் தோள் வாரும் இடுப்பு வாரும் கொண்ட முதுகுப் பையே பொருத்தமானது. இடுப்புப் பையில் அடங்கவில்லை என்பதற்காக ஒரு புட்டித் தண்ணீரை வீட்டில் விட்டுச் செல்வது அறிவுடைமை ஆகாது. பையை மாற்றலாம், உடலின் தேவையை மாற்ற முடியாது.

மாணவர்களே, அடுத்த நடைப்பயணத்திற்கு முன் உங்கள் பையை ஒரு முறை எடைபோட்டுப் பாருங்கள். பிறகு, அதில் தண்ணீரின் எடை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அந்தத் தண்ணீர் அனைத்தையும், அணிந்திருக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் சுமக்க உதவும் பையே உங்களுக்கு ஏற்ற பை. மடியில் அந்தக் கனம் இருந்தால் வழியில் பயமில்லை!