எண்ணச் சுழற்சி நோய்: எந்தச் சிகிச்சை, யாரிடம்?

"நல்ல கவுன்சலர் ஒருவரைச் சொல்லுங்கள், டாக்டர்" என்று வெளிநோயாளர் பிரிவில் பல குடும்பத்தினர் கேட்கின்றனர். ஆளைத் தேடுவதற்கு முன் அறிய வேண்டியது, இந்த நோய்க்கு எந்த வகை உளவியல் சிகிச்சை பொருந்தும் என்பதே. மனத்துயர்கள் யாவற்றுக்கும் ஒரே வகை உரையாடல் பயன் தருவதில்லை. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும்.

இந்நோயில், கையில் அழுக்கு ஒட்டியுள்ளதோ, கதவைப் பூட்டினோமோ, பிறருக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் விருப்பமின்றி மீண்டும் மீண்டும் எழுகிறது. அதனால் உண்டாகும் பதற்றத்தைத் தணிக்க, நோயாளி கை கழுவுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். வீட்டாரிடம் உறுதி கேட்கிறார். அச்செயல் தரும் நிம்மதி சிறிது நேரமே நிலைக்கிறது. ஆனால் அந்த நிம்மதிதான் அதே செயலை மறுமுறையும் செய்யத் தூண்டி, நோயை வேரூன்றச் செய்கிறது. "பூட்டியாயிற்று, நானே பார்த்தேன்" என்று தாய் பத்தாம் முறை கூறுவதும் இச்சுழற்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வாரந்தோறும் கனிவுடன் ஆறுதல் மட்டுமே கூறும் ஆலோசகரிடமும் இதுவே நிகழும். நோயாளி மனம் இலேசாகி வெளியே வருவார். மாலைக்குள் ஐயம் திரும்பிவிடும். இவ்வாறு மாதங்கள் கழிந்தபின் எம்மிடம் வருவோர் சிலர், "கவுன்சலிங் எனக்குப் பலிக்கவில்லை" என்று முடிவு கட்டியிருப்பர். உண்மையில் அவர்களுக்கு உரிய சிகிச்சை அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

இந்நோய்க்கு உரிய முறை, அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான எதிர்வினையைச் செய்யாமல் இருக்கப் பழகுவதாகும். 1966ஆம் ஆண்டில் விக்டர் மேயர் என்னும் உளவியலாளர் இங்கிலாந்தில் இரு நோயாளிகளிடம் இதன் தொடக்க வடிவத்தைக் கையாண்டு வெளியிட்டார். கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கை கழுவாமல் இருப்பது முதற்படியாக அமையலாம். பதற்றம் எழும், ஆனால் அஞ்சியது நிகழாது என்பதையும், பதற்றத்தைத் தாங்க இயலும் என்பதையும் நோயாளி தாமே அறிகிறார். படிகளை நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்தே வகுக்க வேண்டும், கட்டாயப்படுத்துவது சிகிச்சையன்று. நோய் கடுமையாயின் மாத்திரையும் தேவைப்படும். அதன் முழுப்பயன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். இடையில் தாமாக நிறுத்தலாகாது.

இனி, யாரிடம் செல்வது? பெயர்ப்பலகையில் 'ஆலோசகர்' என்றிருப்பதைக் கொண்டு ஒருவரது பயிற்சியை அறிய இயலாது. மருத்துவ உளவியலாளர் எனில், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பெற்ற பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பது அவமதிப்பாகாது. அப்பதிவும்கூட, இம்முறையில் அனுபவம் உள்ளதா என்பதைக் கூறிவிடாது. ஆகவே முதற்சந்திப்பிலேயே வினவுங்கள்: ஓ.சி.டி. நோயாளிகளுக்கு இப்பயிற்சியை அளித்திருக்கிறீர்களா? வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டியது என்ன? நாங்கள் எதைச் செய்யாதிருக்க வேண்டும்? முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பீர்கள்? "நேர்மறையாகச் சிந்தியுங்கள், சரியாகிவிடும்" என்பது மட்டுமே விடையாயின் வேறொருவரை நாடலாம்.

சிகிச்சையாளரிடம் மனம் ஒன்றுவதும் முக்கியமே. இந்நோயில் பாலியல் பற்றியோ கடவுள் பற்றியோ வெட்கமூட்டும் எண்ணங்கள் எழக்கூடும். அவற்றைத் தாய்மொழியில், தயக்கமின்றிக் கூற இயல வேண்டும். கேட்டதும் அறிவுரை கூறுபவரிடமும் முகம் சுளிப்பவரிடமும் தொடர வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி கடினமாயிருக்கிறது என்பதற்காக மட்டும் சிகிச்சையாளரை மாற்றாதீர்கள்; கடினம் இம்முறையின் இயல்பு. பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் முறையாகப் பயின்றும் மாற்றமில்லையெனில், திட்டத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கேளுங்கள்.

அருகில் இத்தகைய பயிற்சி பெற்றவர் இல்லாவிடில், காணொளி வழியாகவும் இச்சிகிச்சையைப் பெறலாம். வழிகாட்டுதலுக்கு டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சிறு பணி. இவ்வாரம் நோயாளி எத்தனை முறை உறுதி கேட்டார், நீங்கள் என்ன பதில் கூறினீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். பதில் கூறுவதைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். அதைக் குறைக்கும் முறையைச் சிகிச்சையாளர் அத்தாளைக் கொண்டே வகுப்பார்.