87-ஆல் வகுத்தால் தெரியும் சங்கதி

மாதிரி ரயில் அமைப்பவர்களில் பெரும்பாலோர் கையாளும் அளவுக்கு ஹெச்.ஓ. என்று பெயர். நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது மேசைமேல் 1 மீட்டராகச் சுருங்கும். எஞ்சினையும் பெட்டிகளையும் கடையில் வாங்கிவிடலாம். அளவு பார்த்துச் செய்வது கம்பெனியின் பொறுப்பு. அவை ஓடும் ஊரை நாம்தான் கட்டியாக வேண்டும். தண்டவாளம், ஜல்லி, மலை, மரம், ஆறு என்று வேலையில் இறங்கியதும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பல, பொம்மை ரயில் காலத்திலிருந்து கேள்வி கேட்காமல் கைமாறி வந்தவை. நம் ஊர்ப் பாதைகளை மனத்தில் வைத்து, ஒரு கால்குலேட்டரோடு அவற்றைச் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பெட்டி இந்திய ரயில்வேயுடையது என்றால், கீழே இருக்கும் தண்டவாளமும் இந்தியப் பாதைதான்.

உண்மை: ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வரும். ஐரோப்பா, அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு கேஜ் அது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; மாதிரியில் 19.3 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் ஓடும் இந்திய மாதிரி வண்டிகள் எல்லாம், நிஜக் கணக்கில் 24 செ.மீ. குறுகிய பாதையில்தான் ஓடுகின்றன. பெரும்பாலோர் இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். பிரிட்டனின் ஓ.ஓ. அளவுக்காரர்களும் இதே சமரசத்தோடு பல தலைமுறைகளாக ஓட்டிவருகிறார்கள்.

கணக்கு சரியாக வர வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை மெட்ரோ 1,435 மி.மீ. பாதையில் ஓடுவது, 16.5 மி.மீ. தண்டவாளம் அதற்கு அச்சாகப் பொருந்தும். நீலகிரி மலை ரயிலின் மீட்டர் கேஜுக்கு 11.5 மி.மீ. வேண்டும், சந்தையில் கிடைப்பது 12. பழைய 762 மி.மீ. குறும்பாதைகளுக்கு 8.8 வேண்டும், கிடைப்பது 9. இரண்டிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இடைவெளியைவிட அதிகமாகக் கண்ணில் உறுத்துவது தண்டவாளத்தின் உயரம். ஆரம்பநிலை செட்டுகளில் வரும் 'கோடு 100' தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம். நிஜத்தில் அது 22 செ.மீ. அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு போட்ட மிகக் கனமான தண்டவாளமே சுமார் 20 செ.மீ.தான். நம் 52 கிலோ (மீட்டருக்கு) தண்டவாளம் 156 மி.மீ.; மாதிரியில் 1.79. இது கோடு 70 தண்டவாளத்தோடு (1.78 மி.மீ.) ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது. வாங்கும்போதே இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம்பிக்கை 2: ஜல்லிக்கு ஆற்று மணல் போதும்.

உண்மை: நம் பாதைகளில் கொட்டப்படுவது 20 முதல் 65 மி.மீ. வரையிலான உடைகல். 87-ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை. 2 மி.மீ. மணற்துகளை ஸ்லீப்பர்களுக்கு நடுவே போட்டால், 17 செ.மீ. கல்லை அங்கே உருட்டிவிட்டதாக அர்த்தம். வடிவத்திலும் குறை இருக்கிறது. ஆற்று மணல் உருண்டு மழுங்கியது; ஜல்லி கூர்முனையுள்ளது. கல் குவாரித் தூளை மெல்லிய சல்லடையில் சலித்து, பொடியையும் பெரிய துகளையும் ஒதுக்கிவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது மேல்.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். மணலிலும் கல்தூளிலும் இரும்புத் தாதுவின் கருந்துகள்கள் கலந்திருக்கும். எஞ்சினின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். துகள்கள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் வீணாகிவிடும்.

ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் கலந்த ஃபெவிகாலை நேரடியாகச் சொட்டுவிட்டால் அது முத்து முத்தாக உருண்டு ஜல்லியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். காரணம் நீரின் பரப்பு இழுவிசை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரை முதலில் பனிபோலத் தெளித்து ஜல்லியை நனைத்துவிட்டால், பிறகு விடும் பசை சத்தமில்லாமல் அடிவரை இறங்கும். பாதை பிரியும் பாயிண்ட்டின் நாக்குகள் நகரும் இடத்தில் மட்டும் பசையையும் ஜல்லியையும் கஞ்சத்தனமாகப் போடுங்கள்.

நம்பிக்கை 3: தண்டவாளம் பளபளவென்று இருக்க வேண்டும், கறுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

உண்மை: எந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும். சக்கரம் உருளும் மேல்விளிம்பு மட்டும்தான் மின்னுகிறது. பக்கவாட்டு முழுக்கத் துருப் பழுப்பு. அந்தப் பழுப்பு ஸ்லீப்பரிலும் ஜல்லியிலும் இறங்கியிருக்கிறது. மாதிரியிலும் பக்கவாட்டில் துரு நிறம் பூசி, காய்வதற்குள் மேல்விளிம்பைத் துடைத்துவிட்டால், ஒரே மாலையில் பொம்மைத்தனம் விலகிவிடும். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. செய்யும்போது பாயிண்ட்டில் மின்சாரம் கடத்தும் இடங்களில் மட்டும் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்விளிம்பில் படியும் கறுப்புக்குப் பெரும்பகுதி காரணம், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தெறிக்கும் நுண்ணிய மின்பொறிகள். உப்புத்தாள் அந்தக் கறுப்பை எடுக்கும். கூடவே நுண்ணிய கீறல்களையும் விட்டுச்செல்லும். அடுத்த அழுக்கு வந்து உட்கார அவையே இருக்கை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த நூல் உதிராத துணியால் துடைப்பது போதும். சக்கரங்களையும் சேர்த்துத் துடைக்காவிட்டால் அழுக்கு அன்றே திரும்பி வந்துவிடும்.

நம்பிக்கை 4: கோடை வெயிலில் தண்டவாளம் நீண்டு பாதை நெளிகிறது.

உண்மை: குற்றவாளி பெரும்பாலும் அடியில் இருக்கிறது. மாதிரித் தண்டவாளம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெப்பம் 20 டிகிரி கூடினால் 1 மீட்டர் தண்டவாளம் நீள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். மரப்பலகையோ காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்டால் சுருங்கும். இழையின் குறுக்குவாட்டில் ஒரு மீட்டர் பலகை பல மில்லிமீட்டர் அசையக்கூடியது. ஐப்பசி மழையில் அடித்த பலகை சித்திரையில் சுருங்கும்போது, அதன்மேல் ஆணி அடித்த தண்டவாளம் போக இடமில்லாமல் நெளிகிறது.

அடுக்கு மாறிய பிளைவுட் இந்த அசைவைப் பெருமளவு குறைக்கும். எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து ஈரத்தை அடைத்தால் இன்னும் குறையும். சில இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விடுவது நல்லது. அந்த இணைப்புகளின் வழியாக மின்சாரம் ஒழுங்காகப் போகும் என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக ஒயர் சால்டர் செய்துவிட்டால், தூரத்து மூலையில் எஞ்சின் சோர்ந்து நிற்காது.

நம்பிக்கை 5: பாதையைத் தூக்கிக் கட்டினால் மலை ரயில் தயார்.

உண்மை: ஒரு பாதை இன்னொன்றின் மேலே தாண்டிப் போக ஹெச்.ஓ.வில் 7.5 செ.மீ. உயரமாவது வேண்டும். மாதிரி எஞ்சின்கள் வசதியாக ஏறுவது 50-க்கு 1 என்ற சரிவில். அப்படியானால் ஏறுவதற்கு மட்டும் 3.75 மீட்டர் நீளம் தேவை. இறங்க இன்னொரு 3.75. ஒரு சாதாரண அறையில் இது எங்கே அடங்கும் என்பதை மரம் அறுக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

நீலகிரியில் 12-க்கு 1 என்ற செங்குத்தில் ரயில் ஏறுகிறதே என்று கேட்கலாம். அங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைக் கீழேயிருந்து தள்ளுகிறது. வழுவழுப்பான சக்கரத்தை மட்டும் நம்பியிருக்கும் மாதிரி எஞ்சினுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெல்ல மெல்ல வளைத்து ஏற்றாவிட்டால், கொக்கிகள் கழன்று ரயில் இரண்டாகப் பிரியும்.

நம்பிக்கை 6: மலை என்றால் மூட்டை மூட்டையாக பிளாஸ்டர்.

உண்மை: பிளாஸ்டர் தோலுக்குத்தான்; உடம்புக்கு வேண்டாம். தெர்மாகோலையோ அதைவிட இறுக்கமான ஃபோம் பலகையையோ அடுக்கி, வெட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டர் பூச்சு கொடுத்தால் எடை மிகவும் குறையும். மரம் நடக் குழி தோண்டுவதும் எளிது. ஆனால் கரைப்பான் கலந்த பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். நீரில் கரையும் பசை, நீரில் கரையும் பெயின்ட் மட்டும்தான் அதற்கு ஆகும். சூடான கம்பியால் வெட்டும்போது வரும் புகை உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நம்பிக்கை 7: பச்சை அடித்தால் புல், கடை மரம் நட்டால் தோப்பு.

உண்மை: டப்பாவில் உள்ள பச்சை, இயற்கையில் அநேகமாக எங்கும் இல்லை. தூரத்தில் தெரியும் காட்சி காற்றின் வழியே வெளிறித்தான் கண்ணுக்கு வருகிறது. மேசைமேல் ஓரடி தள்ளிப் பார்ப்பதும் மாதிரிக் கணக்கில் 26 மீட்டருக்கு மேல். ஆகவே எந்த நிறத்திலும் கொஞ்சம் சாம்பலோ வெள்ளையோ கலக்க வேண்டும்; பின்னால் போகப்போக இன்னும் அதிகமாக. லேஅவுட்டின் மேல் எந்த விளக்கு எரியப்போகிறதோ, அந்த விளக்கின் கீழேயே நிறத்தைக் கலந்து பாருங்கள்.

மண்ணுக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். கோவில்பட்டிப் பக்கத்துப் பாதை என்றால் கரிசலும், புதுக்கோட்டை என்றால் செம்மண்ணும் அங்கேயே கிடக்கின்றன. காயவைத்து, சலித்து, காந்தம் ஓட்டிப் போட்டால் எந்தப் பெயின்ட்டும் அந்த நிறத்தை எட்டாது. புல்லுக்கு, மின்னேற்றம் கொடுத்து நைலான் இழைகளைப் பசையில் தூவும் கருவி இருக்கிறது. இழைகள் படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்கும். இங்கேயும் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 2 மி.மீ. இழை 17 செ.மீ. புல், 6 மி.மீ. இழையோ அரை மீட்டர் உயரக் கோரை.

மரத்தில்தான் ஏமாற்றம் அதிகம். 7 செ.மீ. தென்னை என்று விற்பது நிஜத்தில் 6 மீட்டர். வளர்ந்த தென்னை 20 மீட்டருக்குப் போகும். மேசையில் 23 செ.மீ. பெட்டியின் உயரம் 5 செ.மீ.கூட வராது. ரயிலை மரம் சின்னதாக்கிக் காட்டினால்தான் ஊர் நம்பும்படி இருக்கும்.

நம்பிக்கை 8: தண்ணீர் நீல நிறம்.

உண்மை: ஆற்றின் நிறத்தைத் தீர்மானிப்பவை அடிமண், ஆழம், மேலே தெரியும் வானம். அடியில் கரையோரம் மணல் நிறம், நடுவில் அடர் பழுப்போ கரும்பச்சையோ தீட்டி, மேலே பளபளப்பான வார்னிஷை இரண்டு மூன்று முறை பூசினாலே போதும். எபாக்ஸி ரெசின் ஊற்றுவதாக இருந்தால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். இறுகும்போது அது சூடேறும். மொத்தமாகக் கொட்டினால் வெடிப்பு விடும், அடியிலுள்ள ஃபோமும் உருகலாம். வைகைப் பாலத்தைச் செய்பவருக்கு வேலை இன்னும் சுலபம்: ஆண்டின் பெரும்பகுதிக்கு மணல் போதும்.

நம்பிக்கை 9: அப்படியானால் எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்துக் கட்டினால்தான் நிஜம்.

உண்மை: இதுவும் நம்பிக்கைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கி.மீ.; ஹெச்.ஓ.வில் 528 மீட்டர். ஏறும் உயரம் 21 மீட்டருக்கு மேல், அதாவது ஏழு மாடி. ஹூப்ளியின் 1,507 மீட்டர் பிளாட்பாரத்தைச் செய்ய 17 மீட்டர் கூடம் வேண்டும். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் 2 மீட்டர். கடையில் கிடைக்கும் வளைவோ அரை மீட்டருக்குச் சற்று முன்பின். 27 செ.மீ. நீள எல்.எச்.பி. பயணிகள் பெட்டி அதில் உடம்பை வெளியே நீட்டிக்கொண்டுதான் திரும்பும். நீளமான பெட்டியைப்போல் மூன்று மடங்கு ஆரமாவது கொடுங்கள் என்பது இந்தத் துறையின் நடைமுறை விதி. அதைவிடக் கூர்மையான வளைவு தேவைப்பட்டால் சுரங்கத்துக்குள்ளோ மலைக்குப் பின்னாலோ ஒளித்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் கட்டிய 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்ற மாதிரி ரயில் அமைப்பு இன்றும் பேசப்படுவது துல்லியத்துக்காக அல்ல. தெருவை நீட்டிக் காட்டக் கண்ணாடி வைத்தார். மலைகளை நிஜத்தை மிஞ்சும்படி உயர்த்தினார். 1973-இல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீயில் அது அழிந்தது. படங்களைப் பார்ப்பவர்கள் இன்றும் அந்த மலைகளை நம்புகிறார்கள்.

ஆகவே கணக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். நீளம், தூரம், வளைவு ஆகியவற்றில் தாராளமாகக் குறையுங்கள். 22 பெட்டிக்குப் பதில் 7 பெட்டி வந்தாலும் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். ஜல்லி, தண்டவாள உயரம், புல், மரம் போல ரயிலை ஒட்டியே நின்று அதோடு ஒப்பிடப்படுபவற்றில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு பொருளை வாங்கும் முன், அது ரயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கப்போகிறது என்று கேளுங்கள். கை நீட்டும் தூரம் என்றால் கால்குலேட்டரை எடுங்கள். அதற்கும் அப்பால் என்றால் கண்ணை நம்புங்கள்.