காக்கக் கூடாத இரகசியம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

உன் வகுப்புத் தோழி, தனக்கு இனி உயிரோடிருக்க விருப்பமில்லை என்று சொல்லி, அதை ஒருவரிடமும் வெளியிடக் கூடாதென்று உன்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்ட செய்தியை நீ தொலைபேசியில் கூறிக் கலங்கியபோது, "சத்தியத்தை விடு, இப்போதே அவளுடைய தாயாரிடம் சொல்" என்பதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை, பேசுவதற்கு அது வேளையுமன்று. அவள் தன் வீட்டாரின் அரவணைப்பில் பத்திரமாக இருக்கிறாள் என்று அறிந்த இப்பொழுது, அப்படிச் சொன்னதன் நியாயத்தை, வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையோடு, சற்று விரிவாக எழுதுகிறேன்.

நஞ்சருந்தியவர்கள் நெடுநாள் ஆலோசித்துத் தீர்மானித்தவர்கள் என்று உலகம் எண்ணுகிறது. உண்மை அதற்கு மாறானது. நமது வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளில் உயிர் பிழைத்தவர்களைக் கேட்டு ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், அந்த எண்ணம் தோன்றி அரைமணி நேரத்துக்குள்ளேயே அச்செயலைச் செய்துவிட்டவர்கள் என்பது தெரியவந்தது. பரீட்சைப் பெறுபேறு, தகப்பனார் சொன்ன ஒரு கடுஞ்சொல், முறிந்துபோன ஒரு நேசம் ஆகியவற்றால் உண்டாகும் மனோவேதனை அற்பமானதென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்; ஆனால் அதன் உச்சம் நிலைத்து நிற்பதில்லை. அந்த உச்ச வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல், பக்கத்தில் ஒரு மனிதரும் இருந்துவிட்டால், பெரும்பாலோர் அதைக் கடந்துவிடுகிறார்கள்; கடந்தவர்களிற் பெரும்பாலோர் பின்னர் தம் ஆயுளை வாழ்ந்து முடிக்கவும் செய்கிறார்கள்.

இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. நமது நாடே இதற்குச் சாட்சி. 1995ஆம் ஆண்டில், இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற விகிதத்தில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட தேசமாக, உலகிலேயே மிகத் துயரமான நிலையிலிருந்த நாடுகளின் வரிசையில் இலங்கை இருந்தது. பயிர்களுக்குத் தெளிக்கும் மிகக் கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். விளைச்சல் வீழ்ந்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் மெய்ப்படவில்லை. அநுராதபுர மாவட்டத்துக் கிராமங்களில் வீடுதோறும் கிருமிநாசினியைப் பூட்டிவைக்கப் பெட்டிகள் வழங்கிப் பார்த்த பெருமுயற்சியொன்று மட்டும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் நான் மறைக்க மாட்டேன். திறவுகோல் வீட்டிலேயே இருக்கையில் பூட்டு என்ன செய்யும்? ஆகவே, வீட்டில் நஞ்சைப் பூட்டி வைப்பதைவிட, நஞ்சே வீட்டில் இல்லாதிருப்பதுதான் மேலான காவல் என்பது என் அபிப்பிராயம்.

ஒருவரிடம், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நீ பயந்தாய். அப்படி நேர்வதில்லை, பிள்ளை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும், தம் பாரத்தை இறக்கிவைக்க ஓரிடம் கிடைத்ததென்றே ஆறுதலடைகிறார். கேட்டபின் உபதேசம் செய்யாதே, தர்க்கம் செய்யாதே, தனியே விட்டு அகலாதே, பெரியவர் ஒருவர் வந்து பொறுப்பேற்கும்வரை அருகிலேயே இரு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்தால், தமிழிலேயே பேசலாம்.

இனி, யாரேனும் எதையேனும் அருந்திவிட்டார் என்று சந்தேகம் உண்டானால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அது வருவதற்குள் வாந்தியெடுக்க வைக்காதே. உப்புநீர், புளிக்கரைசல், சவர்க்கார நீர் முதலியவற்றைப் புகட்டாதே. அவை சுவாசக்குழலில் இறங்கி, நஞ்சு செய்யாத கேட்டையும் செய்துவிடும். நினைவு மங்கினால் இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்து. உடையிலோ தோலிலோ நஞ்சு சிந்தியிருந்தால், உன் கைகளைக் காத்துக்கொண்டு உடையை அகற்றிச் சவர்க்காரமிட்டுக் கழுவு. போத்தலையோ மாத்திரை உறையையோ தவறாமல் கூடவே அனுப்பு. "ஒன்றுமில்லை, நன்றாகத்தானே இருக்கிறார்" என்று மட்டும் தாமதிக்க வேண்டாம். சில பொருள்கள் முதல்நாள் மௌனமாயிருந்துவிட்டுப் பின்னரே ஈரலைத் தாக்கும். அவற்றுக்குரிய மாற்றுமருந்து காலத்தே கொடுத்தாற்றான் நற்பலன் தரும்.

வைத்தியசாலையில் நாங்கள் முதலிற் பார்ப்பது சுவாசத்தையே. சிலவகைக் கிருமிநாசினிகள் நரம்புகளின் இயல்பான ஒழுங்கைக் குலைத்து, நுரையீரலை நீரால் நிரப்பி, நாடியையும் தளர்த்திவிடும். அத்திரோப்பீன் என்ற மருந்தை, நுரையீரல் தெளியும்வரை, சில நிமிடங்களுக்கொரு தடவை அளவை ஏற்றி ஏற்றிச் செலுத்துவோம். மூச்சுத் தளர்ந்தால் இயந்திரத்தின் துணையை நாடுவோம். இரைப்பையைக் கழுவுவது எல்லோருக்கும் உரிய சிகிச்சையன்று. தெளிந்து எழுந்தவரையும் சில நாள்கள் விடுதியிலேயே வைத்திருப்பதற்குக் காரணம், இரண்டாம் மூன்றாம் நாளில் சுவாசத் தசைகள் திடீரெனச் சோர்ந்துவிடக் கூடும் என்பதே.

அந்நாள்களில் கட்டிலருகே வந்து நின்று, "ஏன் இப்படிச் செய்து எங்கள் மானத்தை வாங்கினாய்?" என்று கேட்கும் உறவினரைப் பார்த்து நான் மனம் நொந்ததுண்டு. உயிரைப் போக்கிக்கொள்ள முயல்வதைத் தண்டிக்கத்தக்க குற்றமாகச் சட்டம் கருதியிருந்த காலமும் 1998ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. வீட்டார் மட்டும் ஏன் நீதிபதிகளாக வேண்டும்? மனநல வைத்தியர் கண்டு பேசாமல் அத்தகைய ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாகாது. வீடு திரும்பியபின் வரும் முதற் சில மாதங்களில் அவரைத் தனிமையில் விடலாகாது.

உன் தோழி உன்மேற் சில நாள் கோபமாக இருக்கக்கூடும். அதைப் பொறுத்துக்கொள், முன்போலவே அவளோடு பாடசாலைக்குப் போய்வா. உன் தகப்பனாரிடம், தோட்டத்துக்கு வாங்கிய மருந்தில் மிச்சமானதை வீட்டுக் கோடியில் வைத்திருக்க வேண்டாம், அந்தந்தப் போகத்துக்கு வேண்டிய அளவை மாத்திரமே வாங்கட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா