பறக்கும் வீரரின் பாரம்

கே.கே. நகரை அடுத்த வடபழனி, படப்பிடிப்புக்குப் பெயர் பெற்ற இடம். திரையில் வீரர் வானில் பறக்கிறாரே, அவரைத் தாங்குவது எது? கம்பிதான். திரைத்துறையினர் அதை 'ரோப்' என்பார்கள். சித்திரக்கதை வீரரான சூப்பர்மேன் 1978-இல் திரைக்கு வந்தபோது, நடிகர் கிறிஸ்டோபர் ரீவும் கம்பியில் தொங்கித்தான் பறந்தார்.

வீரரின் நிறை 60 கிலோகிராம் என்று கொள்வோம். எடை ஏறத்தாழ 600 நியூட்டன். ஒரே கம்பியில் அசையாமல் தொங்கினால் இழுவிசையும் 600 நியூட்டன்தான். இருபுறமும் இரண்டு கம்பிகள் கட்டினால் பாரம் பாதியாகுமா? அவசரப்படாதீர்கள்! கிடைமட்டத்துடன் 30 பாகை சாய்ந்தால் ஒவ்வொரு கம்பியிலும் 600 நியூட்டன். 10 பாகை என்றால் சுமார் 1,700 நியூட்டன்! காரணம், இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டுமே எடையைத் தாங்குகிறது.

ஒரு நூலின் நடுவே புத்தகத்தைக் கட்டி, இரு முனைகளையும் இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தாலும் அறுமே தவிர, நேர்கோடாகாது.

அந்நாளில் கேமராவுக்குத் தெரியாதபடி மெல்லிய கம்பி வேண்டியிருந்தது. இன்று படத்திலிருந்து கம்பியைக் கணினி அழித்துவிடுவதால், தடித்த கம்பி கட்டலாம்; கலைஞரின் உயிருக்குப் பாதுகாப்பு கூடுகிறது.

சாய்வு 5 பாகையானால் இழுவிசை எவ்வளவு? கணக்கிடுங்கள்.