கியர்பெட்டி மூடப்படுவதற்கு முன்

சிரஞ்சீவி மருமகனுக்கு ஆசிகள்.

துளையிட்ட பிளாஸ்டிக் சட்டங்களையும் முளைகளையும் பல்சக்கரங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி அதிவேகக் கார்களின் சிற்றுருவை அமைப்பது, பிள்ளைகள் மட்டுமன்றி வேலைக்குப் போகும் பெரியவர்களும் ஈடுபடும் கைவேலையாக இன்று வளர்ந்துள்ளது. இத்துறையில் முதலிடம், டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் தச்சுத்தொழில் செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932இல் தொடங்கிய லெகோ நிறுவனத்துக்கே உரியது. இன்றைய வடிவிலான கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரிய அந்நிறுவனம், 1977இல் பல்சக்கரங்களும் அச்சுத்தண்டுகளும் கொண்ட வேறொரு வரிசையைக் கொண்டுவந்தது. பின்னாளில் டெக்னிக் என்று பெயர் பெற்றது அதுவே. உண்மைக் காரின் எட்டில் ஒரு பங்கு அளவில் 2016இல் வெளிவந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் 2,704 துண்டுகளையும், 2018இன் புகாட்டி ஷிரோன் 3,599 துண்டுகளையும், 2020இன் லம்போர்கினி சியான் 3,696 துண்டுகளையும், 2022இன் ஃபெராரி டேடோனா எஸ்பி3 3,778 துண்டுகளையும், 2024இன் மெக்லாரன் பி1 3,893 துண்டுகளையும் கொண்டவை. எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறுவதில் விற்பவரின் கணக்கும் உண்டு. துண்டுகள் கூடியதாலேயே கட்டுபவரின் அறிவும் கூடிவிடும் என்று கொள்வதற்கில்லை.

மருமகனின் வீட்டுக்கு வந்திருப்பது இவற்றுள் கடைசியாகச் சொன்ன மெக்லாரன் பி1. உண்மையான காரை அந்த ஆங்கிலேய நிறுவனம் 2013 முதல் 2015 வரை 375 மட்டுமே செய்து விற்றது. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார் அது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது முடிந்த காரின் மஞ்சள் உடம்பு மட்டுமே என்பதால், கட்டுபவரின் மனம் முதல் நாளிலிருந்தே அந்த உடம்பை நோக்கி ஓடுகிறது. அதன் விளைவாக, வாங்கிய விலைக்கு உண்மையில் பெறுமானமுள்ள பகுதிகளான எஞ்சினும் ஏழு கியர் கொண்ட கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் சஸ்பென்ஷனும், மேல்தகடுகளுக்கு அடியில், ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கப்படாமல் அடைபட்டுப் போகின்றன. இக்கடிதம் எழுதப்படுவது அதைத் தடுப்பதற்காகத்தான்.

கியர்பெட்டியின் வேலை என்னவென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எட்டுப் பல் கொண்ட சிறு சக்கரம் இருபத்துநான்கு பல் கொண்ட பெரிய சக்கரத்தோடு இணையும்போது, பெரியது ஒருமுறை சுற்றச் சிறியது மூன்றுமுறை சுற்ற வேண்டும். இவ்வாறான வெவ்வேறு விகிதங்களைத் தேவைப்படும்போது மாற்றித்தரும் பெட்டியே கியர்பெட்டி. சாலையில் ஓடும் காரில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. சிற்றுருவிலோ காரைத் தரையில் தள்ளும்போது சக்கரம் சுழன்று, அச்சுழற்சி டிஃபரன்ஷியல் வழியாக, அதாவது திருப்பத்தில் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் அமைப்பின் வழியாக, கியர்பெட்டிக்குள் சென்று கடைசியில் பிஸ்டன்களை ஏறி இறங்கச் செய்கிறது. ஆகவே, எந்தக் கருவியும் இன்றி இதைச் சோதித்துவிடலாம். ஒரு கியரில் வைத்துப் பின்சக்கரங்களைச் சேர்த்து முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பிஸ்டன் எத்தனைமுறை ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும். முதல் கியரிலிருந்து மேலே போகப் போக அந்த எண் படிப்படியாகக் குறைய வேண்டும். இடையில் எங்காவது ஏறினால் உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

இது வீண் சந்தேகம் அன்று. 2016இல் வந்த போர்ஷே மாதிரியை வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ளபடியே, ஒரு துண்டும் பிசகாமல் கட்டியவர்களுக்குங்கூடக் கியர்கள் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்ற வரிசையில்தான் மாறின. பிழை புத்தகத்திலேயே இருந்தது. சுழற்சியை எண்ணிப் பார்த்தவர்களே அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழியையும் சொன்னார்கள். கட்டி முடித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தவர்களில் பலருக்கு இன்றுவரை அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, கைப்பழக்கம். சட்டங்களின் துளைக்குத் துளை உள்ள இடைவெளி 8 மில்லிமீட்டர். அச்சுத்தண்டுகளின் நீளமும் அதே அலகில்தான் சொல்லப்படுகிறது, புத்தகத்தில் தண்டின் படம் உண்மை அளவிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் அதன்மேல் வைத்தே சரிபார்க்கலாம். பின் எனப்படும் இணைப்பு முளைகளில் கறுப்பும் சாம்பல் நிறமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கறுப்பில் உள்ள சிறு வரிகள் துளைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், சாம்பல் நிறமோ வழுக்கிச் சுழலும். நீலமும் வெளிர்பழுப்பும் இதே வேறுபாட்டை உடைய நீளமான பின்கள். அசைய வேண்டிய மூட்டில் கறுப்பைச் செருகிவிட்டால் ஸ்டியரிங் விறைத்துக்கொள்ளும், காரணம் என்னவென்று கண்டுபிடிக்க நூறு துண்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். புஷ் எனப்படும் வளையத்தை அச்சுத்தண்டில் ஏற்றும்போது சட்டத்தோடு நெருக்கி அழுத்தாமல், ஒரு தாள் நுழையும் அளவுக்காவது இடம் விட வேண்டும். ஒரு தண்டில் ஏற்படும் சிறு உராய்வு பெரிதாகத் தெரியாது. ஆனால் சக்கரத்துக்கும் பிஸ்டனுக்கும் இடையே வரிசையாக நிற்கும் தண்டுகளில் அது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் கார் நகராமல் டயர் தரையில் தேயும். சிவகாசியில் அச்சகத்துப் பிள்ளையாக வளரும் மருமகனுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை: நாலு கலர் வேலையில் முதல் பிளேட்டின் ரிஜிஸ்டர் மயிரிழை விலகியிருந்தால் அதை அப்போதே பிடிக்காமல் நாலாவது கலர்வரை ஓட்டிவிட்டுக் காலண்டரில் சாமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு வந்துவிட்டதே என்று வருந்துவதும் இதுவும் ஒன்றே. பெட்டியில் உள்ள ஒவ்வொரு பைத் துண்டுகளையும் பொருத்தி முடித்ததும் தண்டை விரலால் சுற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் புழுதி பல்சக்கரத்துக்குள் போனால் எளிதில் வெளிவராது என்பதால் ஃபேனுக்கு நேர் கீழேயும் தெருப்பக்க ஜன்னல் ஓரத்திலும் உட்காராமல் இருப்பதும், துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்காமல் வடிவவாரியாக எவர்சில்வர் சம்படங்களில் பிரித்து வைப்பதும் போதும். மஞ்சள் குவியலில் ஒரு மஞ்சள் துண்டைத் தேடுவது கண்ணுக்குத்தான் கேடு. முடிந்த காரை நேர்வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் மங்கும். பழைய மாதிரிகளுக்குள் வெடியை வைத்துக் கொளுத்திப் படம்பிடிக்கும் வழக்கம் சில ஊர்ப் பிள்ளைகளிடம் உண்டு. பட்டாசு செய்யும் ஊரில் பிறந்த ஒருவருக்கு அந்த ஆசை வராது என்று நம்பலாம்.

விலை குறைந்த நகல் பெட்டிகளைப் பற்றியும் பேச்சு வரும். கட்டையின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதனோடு பொருந்தும் துண்டுகளை எவரும் செய்யலாம். கட்டையின் வடிவத்தையே வணிகச்சின்னமாக்கும் முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் ஏற்கவில்லை. ஆனால் பிறர் வடிவமைத்த ஒரு முழுக் காரை அப்படியே பார்த்தடிப்பது வேறு விஷயம், லேபிள் அச்சடிக்கும் ஊருக்கு அந்த வேறுபாடு தெரியும். எதை வாங்கினாலும், பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள தரமுத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு பொம்மைக்கு எதற்கு என்று வீட்டில் கேட்பவர்களுக்கு ஊரின் வரலாற்றையே காட்டலாம். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டி வாங்கி வருவதற்காக அன்று. அதைச் செய்யும் முறையை நின்று கற்று, திரும்பி வந்து 1923இல் சிவகாசியிலேயே செய்யத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிளையும் ஊரிலேயே அச்சடித்துக்கொள்ளலாம் என்று பின்னர் துணிந்ததிலிருந்துதான் இன்றைய அச்சகத் தெருக்கள் உண்டாயின. கார் விஷயத்திலும் தமிழ்நாட்டுக்கு அத்தகைய முன்னோடி உண்டு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், சாதாரண மாருதி 800 எஞ்சினை வைத்து, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத இளைஞர்களையும் பந்தயத்துக்குள் கொண்டுவந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தளம் அவர் நினைவாகவே கரி மோட்டார் ஸ்பீட்வே எனப்படுகிறது.

அத்தளத்தில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய கார்களோடு வந்து போட்டியிடும் ஃபார்முலா பாரத் நடைபெறுகிறது. வேகம் அங்கே ஒரு பகுதி மட்டுமே. நடுவர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டு, இந்தத் தண்டு ஏன் இந்த அளவு, இந்த மூட்டு ஏன் இந்த இடத்தில் என்று கேட்பார்கள், வழிகாட்டிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்ற பதில் அங்கே செல்லாது. 2024இல் லெகோ நிறுவனமே 3,42,817 துண்டுகளால், 1,220 கிலோ எடையில், முழு அளவு மெக்லாரன் பி1 ஒன்றைக் கட்டி, பந்தய ஓட்டுநர் லாண்டோ நோரிஸை உட்காரவைத்து சில்வர்ஸ்டோன் பந்தயத்தளத்தில் ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டியது. அதன் படம் மருமகனின் அறைச் சுவரில் இருப்பதாகக் கேள்வி. செட்டிபாளையத்தில் மாணவர்கள் கொண்டுவரும் கார்கள் அந்த அளவுக்கு அழகாக இரா, பற்றவைத்த தழும்புகளோடு இருக்கும், சில பாதியில் நின்றும் போகும்; ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டியவை அவை.

நாகர்கோவில்–கோவை ரயில் விருதுநகர் வழியாகவே செல்வதால் அங்கே போய்வருவது கடினமன்று, செலவு தாய்மாமனுடையது. அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது ஒன்றுதான்: மஞ்சள் தகடுகளைப் பூட்டுவதற்கு முன், ஏழு கியருக்கும் பிஸ்டன் எத்தனைமுறை ஏறி இறங்கியது என்ற கணக்கை ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்பிவைக்க வேண்டும். எண்கள் வரிசையில் குறையவில்லை என்றாலும், திருத்தாமல் அப்படியே அனுப்பலாம்.

ஆசிகளுடன்,
தாய்மாமன்